ஈரத்தோடு ஒரு தொழில்

மின்சாரம் ஓடும் மையை அச்சடிப்பதுதான் என் தொழில். ஸ்கிரீன் பிரிண்டிங் என்றதும் நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையும் பனியனும் ஸ்டிக்கரும் நினைவுக்கு வரும். அதே சட்டம், அதே மெஷ், அதே ஸ்குவீஜி. மைக்குள் வெள்ளித்தூள் இருந்தால், இழுத்த கோடு கம்பியாகிவிடும். எடை மெஷின், ஸ்டெபிலைசர், வாஷிங் மெஷின் இவற்றின் முகப்பில் விரல் வைத்து அழுத்துகிறோமே, அந்தத் தட்டையான கீபேடுக்குள் இருப்பவை இப்படி அச்சடித்த கோடுகள்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அப்படி ஒரு பட்டறையில் தொழில் கற்றேன். பிற்பாடு ஸ்வீடனில் நோர்ஷோப்பிங் என்ற ஊருக்குப் போனேன். அங்கே வேலை காகிதத்தில். அறை வெளிச்சத்திலிருந்து மின்சாரத்தைப் பிடித்து, தனக்குள்ளேயே சேமித்து, அதைக் கொண்டே வேலை செய்யும் லேபிள்களை அச்சிடும் முயற்சி அது. இரண்டு ஊரிலும் நான் மல்லுக்கட்டியது ஒரே ஆளோடுதான்: ஈரம்.

அம்பத்தூரில் எங்களுக்கு முக்கியமான தாள் பாலியெஸ்டர். சில்வர் இங்கை 120, 130 டிகிரி அடுப்பில் பத்து நிமிஷமாவது வைத்தால்தான் வெள்ளிச் செதில்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். அந்தச் சூட்டில் பாலியெஸ்டரே கொஞ்சம் சுருங்கும் என்பதால், அச்சடிப்பதற்கு முன்பே வெறும் தாளை அடுப்பில் வைத்துச் சுருக்கி எடுத்துவிடுவோம். ஒருமுறை சுருங்கிய பாலியெஸ்டர் அதற்குப் பிறகு சொன்ன இடத்தில் நிற்கும். காகிதம் நிற்காது. பட்டறையில் காகித லேபிள் வேலையும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டைப் பிரித்தவுடன் தாளின் ஓரங்கள் அலை அலையாக எழும்பிவிடும். எங்கள் மாஸ்டர் புதிய கட்டு வந்தால் ஒரு துண்டைக் கிழித்து, ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தடவி மேசையில் போடுவார். அது தானாகச் சுருண்டுகொள்ளும்.

"சுருள் எந்தப் பக்கமா படுத்திருக்கோ, நார் அந்தப் பக்கம் ஓடுது தம்பி. ரெஜிஸ்டரை அந்தப் பக்கமா வெச்சுக்கோ. குறுக்கால வெச்சா சாயந்தரத்துக்குள்ள ரெண்டாவது கலர் தள்ளிப் போயிரும்" என்பார்.

அதன் காரணத்தை நோர்ஷோப்பிங்கில்தான் விளக்கமாகக் கேட்டேன். அது காகிதத்தால் வளர்ந்த ஊர். நகரின் நடுவே ஆற்றங்கரையில் இருந்த பழைய ஆலைக் கட்டடம் இன்று இசையரங்கம். ஊருக்கு வெளியே பிராவிக்கனில் 1977-ல் தொடங்கிய பெரிய ஆலை இருக்கிறது. எங்கள் கூடத்தில் ஆலோசகராக இருந்த பெரியவர் ஒருவர் வாழ்நாளின் பெரும்பகுதியைக் காகித ஆலையில் கழித்தவர். அவர் பாடம் இதுதான். கூழ், தாள் எந்திரத்துக்குள் போகும்போது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் வெளியேற வெளியேறத்தான் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தாளாகின்றன. உலர்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் தாளிலும், சாதாரண அறையில் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு தண்ணீர் இருக்கும். நார் நனைந்தால் அகலவாக்கில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்கூட ஊதும்; நீளவாக்கில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். எந்திரத்தில் நார்கள் ஓட்டத்தின் திசையிலேயே படிகின்றன. அதனால் தாள் குறுக்கே அதிகமாகவும் நெடுக்கே குறைவாகவும் நீளும், சுருங்கும். மாஸ்டரின் ஈரத்துண்டு சொன்னதும் இதையேதான்.

கீபேட் வேலையில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போவது சர்வசாதாரணம். காகிதத்தை 130 டிகிரி அடுப்பில் வைத்து எடுத்தால் உள்ளே இருந்த தண்ணீர் போய், ஒரு முழுத் தாளில் குறுக்குவாட்டில் ஒரு மில்லிமீட்டர் வரை சுருங்கிவிடும். அடுத்த அடுக்கை அச்சடிப்பதற்குள் அறைக் காற்றைக் குடித்து மறுபடி பாதி நீளும். இதற்கு எங்களிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, 23 டிகிரி வெப்பம், 50 விழுக்காடு ஈரப்பதம் என்று காகிதச் சோதனைக்கு உலகம் முழுவதும் வைத்திருக்கும் அளவில் அறையை வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே தாளை அங்கே ஆறவிடுவது. ஸ்வீடனின் குளிர்காலத்தில் சூடாக்கிய அறைக்குள் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும்; கதவுப் பிடியைத் தொட்டாலே பொறி பறக்கும். சென்னையில் ஈரத்தை வெளியேற்ற எந்திரம் வைத்தவன், அங்கே ஈரத்தை உள்ளே ஊதும் எந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இன்னொரு வழி, அடுப்பையே விட்டுவிட்டு செனான் விளக்கின் பளிச்சிடும் ஒளியை ஒரு சில மில்லிவினாடிகள் மட்டும் காட்டுவது. கறுத்த மை ஒளியைக் குடித்துச் சூடாகும். அடியில் இருக்கும் வெள்ளைத் தாளுக்குச் சூடு இறங்குவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இடத்தில் நிற்க வைத்தாலும் பிரச்சினை தீராது. பூச்சு இல்லாத தாளில் சில்வர் இங்கை இழுத்தால், மையில் இருக்கும் கரைப்பானையும் பிசினையும் தாள் உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளிச் செதில்கள் நார்களின் மேடு பள்ளங்களில் சிதறிக் கிடக்கும். பாலியெஸ்டர் மேல் 1 மில்லிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கோட்டுக்கு மல்டிமீட்டர் சில ஓம் காட்டும். பூச்சில்லாத தாளில் அது பல மடங்காகும், சில சமயம் முள்ளே அசையாது. எனவே தாளின் வாயை அடைக்க வேண்டும். களிமண்ணும் லேட்டக்ஸும் கலந்த பூச்சு, அதன் மேல் இன்னொரு மெல்லிய பூச்சு என்று அடுக்குவோம். ஐரோப்பாவில் மின்னணு அச்சுக்கென்றே வழுவழுப்பான தாள்களைச் சில ஆலைகள் செய்து விற்றன. அதில் அச்சடித்தால் பாலியெஸ்டருக்குக் கிட்டத்தட்ட நெருங்கிவிடலாம். அதுவரை எனக்குத் தெரிந்த கைத்திறன் முழுவதும் இந்த அடைப்புக் கலைதான்.

சேமிக்கும் அடுக்குக்கு வந்தபோதுதான் அந்தத் திறன் போதாது என்று புரிந்தது. அங்கே தாள் வாயைத் திறக்க வேண்டும்.

மின்சாரம் சேமிக்கும் எதையும் பிரித்துப் பாருங்கள். இரண்டு தகடுகள், நடுவே அயனிகள் நீந்துகிற ஒரு ஈரம் (மின்பகுளி), தகடுகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் ஒரு தடுப்பு. அந்தத் தடுப்பு ஈரத்தைக் குடித்து வைத்திருக்க வேண்டும், ஆனால் மின்சாரத்தை நேராகக் கடத்தக் கூடாது. இதற்குக் காகிதத்தைவிட எளிய பொருள் கிடைப்பது கஷ்டம். ஆம்ப்ளிஃபயர் கெப்பாசிட்டரின் அலுமினியச் சுருளுக்கு நடுவே காகிதம் இருக்கிறது. நாம் சின்ன வயதில் கரிக்குச்சிக்காக உடைத்த டார்ச் செல்லில் துத்தநாகக் குவளையின் உள்பக்கம் ஒட்டியிருந்ததும் பசை தடவிய காகிதம்தான். ஆராய்ச்சிக் கூடங்கள் பிறகு செய்தது, தடுப்பாக இருந்த காகிதத்தை மற்ற வேலைகளுக்கும் உயர்த்தியது. 2007-ல் அமெரிக்காவின் ரென்சிலர் கல்விக்கூடத்தில் புலிக்கேல் அஜயன், ராபர்ட் லின்ஹார்ட் குழுவினர் கார்பன் நானோ குழாய்களின் மேல் செல்லுலோஸை ஊற்றி, எடையில் பத்தில் ஒன்பது பங்கு செல்லுலோஸாகவே இருந்த ஒரு சேமிப்புத் தாளைச் செய்தார்கள். 2008-ல் லிஸ்பனில் எல்விரா ஃபொர்துனாத்தோவும் ரொட்ரீகோ மார்ட்டின்ஸும் காகிதத்தையே டிரான்சிஸ்டரின் நடு அடுக்காக வேலை வாங்கினார்கள்.

நான் இருந்த ஊரிலேயே, லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தின் நோர்ஷோப்பிங் வளாகத்தில், மாக்னஸ் பெர்கிரென், சாவியேர் கிரிஸ்பின் குழு 2015-ல் வெளியிட்ட வேலை எங்களைப் போன்றவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. மர நாரை 20 நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளாகப் பிரித்து, அவற்றின் மேல் பெடாட் என்ற மின்சாரம் கடத்தும் பாலிமர் படியச் செய்து, தாளாக வார்த்திருந்தார்கள். பெடாட் மை நீலநிறத்தில் இருக்கும். ஒருகாலத்தில் போட்டோ ஃபிலிமில் நிலைமின்சாரம் சேராமலிருக்கப் பூசிய பொருள். 15 சென்டிமீட்டர் விட்டமும் ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கு தடிமனும் உள்ள அந்தக் கறுப்புத் தாள் 1 ஃபாரட் வரை சேமித்தது. சில வினாடிகளில் சார்ஜ் ஆனது. நூற்றுக்கணக்கான முறை தாங்கியது. அதற்கும் முன்பே, 2012-ல், அதே பல்கலைக்கழகத்தின் ஒலே இங்கனாஸ், காகித ஆலையில் மிஞ்சும் பழுப்புக் கழிவுநீரில் இருக்கும் லிக்னின் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் என்று காட்டியிருந்தார். மரத்திலிருந்து தாளை எடுத்தபின் மிஞ்சுவதும் மின்கலத்துக்கு உதவும் என்பது காகித ஊரில் எல்லோருக்கும் இனித்த செய்தி.

அச்சுக்காரனின் கைக்கு வந்தபோது பொருள் இன்னும் எளிமையானது. நாங்கள் இழுத்தது பெரும்பாலும் செயலூட்டப்பட்ட கரி மை. ஒரு கிராம் கரியில் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரப்பு நுண்துளைகளாக ஒளிந்திருக்கும். அயனிகள் அந்தத் துளைச் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்வதுதான் சேமிப்பு. இந்தக் கரிக்குத் தேங்காய்த் தொட்டி நல்ல மூலப்பொருள். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கத்தில் தொட்டிக் கரி எரிவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, ஸ்வீடனில் ஒரு மைடப்பாவைத் திறக்கும்போது அந்தக் கறுப்பு அந்நியமாகத் தெரியாது. ஆனால் இழுக்க அது பிடிவாதக்காரன். சில்வர் இங்க் வெண்ணெய் மாதிரி போகும் என்றால், கரி மையில் இருக்கும் தண்ணீரை மெஷ்ஷிலேயே காற்று குடித்துவிடும். நாலு தாள் போவதற்குள் கண்கள் அடைத்துக்கொள்ளும். மெஷ் பருமனாக இருக்க வேண்டும், அடுக்கு தடிமனாக விழ வேண்டும், காயும்போது வெடிக்கவும் கூடாது. விரலால் வளைத்துப் பார்த்தால் கரி உதிர்ந்து கையில் ஒட்டுகிறதா என்பதுதான் முதல் பரிசோதனை. அதில் தேறாத தாளை மீட்டரில் வைப்பதே வீண்.

இனிதான் இந்தத் தொழிலின் நிஜமான முடிச்சு. லேபிளின் ஒரு மூலையில் ஒளியைப் பிடிக்கும் கலம். மறுமூலையில் சேமிக்கும் கலம். அச்சடிக்கக் கூடிய கரிம சூரியக் கலம் ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் சாகும். சாதாரண பிளாஸ்டிக் ஃபிலிம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் கிராம் கணக்கில் நீராவியை உள்ளே விடும். சூரியக் கலத்துக்கு அது ஆயிரத்தில் ஒரு கிராம் அளவுக்குக் குறைய வேண்டும். சேமிக்கும் கலமோ தண்ணீர் இருக்கும் வரைதான் உயிரோடிருக்கும். உலர்ந்தால் அயனி நகராது. ஒரே தாளில் இரண்டு அங்குல இடைவெளியில் ஒன்றுக்கு ஈரம் உயிர், மற்றதற்கு எமன். நடுவில் இருக்கும் காகிதமோ ஓர் ஓரத்தில் விழுந்த சொட்டை மறு ஓரம் வரை இழுத்துச் செல்லப் பிறந்த பொருள்.

இதற்கு மருந்து வேறொரு துறையிலிருந்து வந்தது. ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் 2007 முதல் நோய்ப் பரிசோதனைக்காகத் தாளுக்குள்ளேயே கால்வாய் வெட்டும் வித்தையைச் செய்துவந்தார்கள். அதில் எங்களுக்குப் பயன்பட்டது மெழுகு. தாளின் மேல் மெழுகுக் கோட்டை அச்சடித்துச் சூடு காட்டினால், மெழுகு உருகி மறுபக்கம் வரை இறங்கி, தாளுக்குள் ஒரு சுவராக உறைந்துவிடும். இறங்கும்போது பக்கவாட்டிலும் பரவும் என்பதால் வேண்டிய அகலத்தைவிட ஒல்லியாக அச்சடிக்க வேண்டும். நார் ஓடும் திசையில் கூடுதலாகப் பரவும், குறுக்கே குறைவாக. மாஸ்டரின் ஈரத்துண்டு இங்கேயும் வேலைக்கு வந்தது. தண்ணீர் சீக்கிரம் போய்விடாமலிருக்க மின்பகுளியில் கிளிசரின் சேர்ப்போம். அதன் மேல் மூடி, ஓரத்தில் சீல். இந்த வேலையில் பழுதாகும் கலங்களில் பெரும்பாலானவை நடுவில் பழுதாவதில்லை. ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளி போதும்.

பலர் கேட்கும் கேள்வி, "இந்தத் தாளால் போனை சார்ஜ் பண்ண முடியுமா?" என்பது. கணக்கைப் பார்த்துவிடலாம். உச்சி வெயில் ஒரு சதுர சென்டிமீட்டரில் 100 மில்லிவாட் கொண்டுவருகிறது. 500 லக்ஸ் எல்.இ.டி. வெளிச்சமுள்ள மேசையில் அது சுமார் 0.15 மில்லிவாட். 200 லக்ஸ் உள்ள கிடங்கில் 0.06. காகிதத்தின் மேலேயே அச்சடித்த சூரியக் கலத்தை 2011-ல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் பல்கலைக்கழகம் காட்டியபோது, விழுந்த ஒளியில் நூற்றுக்கு 1.3 பங்குதான் மின்சாரமானது. இன்றைய நல்ல கரிமக் கலம் அறை வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைத் தரும் என்றே வைத்துக்கொள்வோம். 10 சதுர சென்டிமீட்டர் கலம், கிடங்கு வெளிச்சத்தில், 60 மைக்ரோவாட். 1 ஃபாரட் தாளை 0.8 வோல்ட்டுக்கு ஏற்றினால் உள்ளே இருப்பது 0.32 ஜூல், அது நிரம்ப ஒன்றரை மணி நேரம். பென்டார்ச்சில் போடும் ஒரு ஆல்கலைன் செல்லில் பத்தாயிரம் ஜூலுக்கு மேல் இருக்கிறது. வோல்ட்டைக் கூட்டலாமே என்றால், தண்ணீர் கலந்த மின்பகுளி 1.23 வோல்ட்டுக்கு மேல் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியத் தொடங்கும். இங்கேயும் எல்லைக்கோடு போடுவது தண்ணீர்தான்.

அப்படியானால் எதற்கு உதவும்? செலவைப் பாருங்கள். வெப்பநிலையை அளந்து ப்ளூடூத்தில் ஒருமுறை அனுப்ப ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு ஜூல் போதும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அனுப்பினால், பதினான்கு மணி நேர இருட்டில் 84 முறை; மொத்தம் 0.08 ஜூல். வீட்டுப் பெண்கள் அரிசிப் பானைக்குள் சேர்க்கும் சிறுவாடு மாதிரி, வருவது சில்லறை, போவதும் சில்லறை. நடுவில் பானை ஓட்டையாக இல்லாதவரை குடும்பம் ஓடும். தடுப்பூசிப் பெட்டியின் மேல் ஒட்டும் வெப்ப லேபிள், கிடங்கில் மூட்டையின் ஈரம் பார்க்கும் தாள் என்று இதற்கான வேலைகள் உண்டு. இதில் மூளையாக இருக்கும் சில்லு மட்டும் இன்றைக்கும் சிலிக்கான்தான். அதைக் கடத்தும் பசை வைத்துத் தாளில் ஒட்டுகிறோம்.

ஓட்டை என்றேன். எங்களை அதிகம் அலைக்கழித்ததும் அதுதான். சும்மா வைத்திருக்கும்போதே சேமிப்புக் கலம் தானாகக் கசியும். 5 மைக்ரோ ஆம்பியர் கசிந்தால் பதினான்கு மணி நேரத்தில் 0.8 வோல்ட் 0.55 ஆகிவிடும், உள்ளே இருந்த ஆற்றலில் பாதிக்கு மேல் ஒரு செய்தியும் அனுப்பாமலே காலி. கசிவுக்குக் காரணங்கள் அச்சுக்கூடத்தில்தான் இருந்தன: தடுப்புத் தாளில் ஊசித்துளை, கரித்துகள் ஒன்று நாரைத் துளைத்து மறுபக்கம் எட்டிப் பார்ப்பது, தாளிலோ மையிலோ கலந்த இரும்பு. இரும்பு அயனி ஒரு தகட்டில் எலக்ட்ரானை வாங்கி மறு தகட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பும்; நாள் முழுக்க அதே வேலை. சேமிக்கும் அளவைக் கூட்டுவதைவிடக் கசிவைக் குறைப்பதில்தான் பலன் அதிகம் என்பது இந்தத் தொழிலில் நான் கண்ட முக்கியமான பாடம். அது பத்திரிகைச் செய்தியாக வராது. சுத்தமான தண்ணீர், வடிகட்டிய மை, துருப்பிடிக்காத கரண்டி, ஒன்றுக்கு இரண்டாகத் தடுப்புத் தாள் என்று வேலை ஒழுங்கில்தான் அது கிடைக்கும்.

ஈரத்தை எதிர்த்தே காலம் கழித்த எனக்கு, 2022-ல் ஸ்விட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிலையத்தில் குஸ்தாவ் நிஸ்ட்ரோம் குழு செய்த காகித மின்கலம் புத்துணர்ச்சி தந்தது. உப்பில் ஊறி உலர்ந்த தாள். ஒரு பக்கம் கிராஃபைட் மை, மறுபக்கம் துத்தநாக மை. கடையில் வைத்திருக்கும் வரை அது வெறும் தாள். கசிவும் கிடையாது, காலாவதியும் எளிதில் வராது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து, 20 வினாடியில் 1.2 வோல்ட் நிலையாகக் கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் தாள் உலரத் தொடங்கித் திறன் குறையும். மறுபடி இரண்டு சொட்டு விட்டால் 0.5 வோல்ட்டில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். இதில் சார்ஜ் ஏற்றும் வேலையில்லை, ஒளி பிடிக்கும் வேலையும் இல்லை. ஆனால் ஈரத்தைப் பூட்டி வைக்கும் கவலையை விட்டுவிட்டு, அதையே சுவிட்சாக்கிவிட்டார்கள். எதிர்த்திசையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஜார்ஜியா டெக்கில் ஷோங் லின் வாங் 2012-ல் தொடங்கிவைத்த உராய்வு மின்னாக்கிகளில், காகிதமும் டெஃப்லானும் தொட்டுப் பிரிந்தாலே நூற்றுக்கணக்கான வோல்ட் எழும். ஆம்பியர் மட்டும் மைக்ரோ கணக்கில். அதற்கு வறட்சி வேண்டும். ஸ்வீடனின் ஜனவரியில் பிரமாதமாக வேலை செய்வது சென்னையின் ஆவணி மாதத்தில் சுருண்டுவிடும்.

காகிதம் என்றால் பச்சை, பிளாஸ்டிக் என்றால் பாவம் என்று எழுதிவிடுவது சுலபம். சூரியக் கலத்தைக் காக்க நாங்கள் மேலே ஒட்டும் தடுப்பு ஃபிலிம் பிளாஸ்டிக்தான். சில்வர் கோடு உள்ள தாளைக் கூழாக்கினால் வெள்ளித்தூள் கழிவுநீரோடு போகும். அதனால் கோடு நீளமாக இல்லாத இடங்களில் கரி மைக்கு மாறினோம். அதே 10 சென்டிமீட்டர் கோட்டுக்குக் கரியில் ஆயிரக்கணக்கான ஓம் வரும்; மைக்ரோ ஆம்பியர் மட்டும் ஓடும் பாதைக்கு அது தாங்கும், வானொலி அலை அனுப்பும் ஆன்டெனாவுக்குத் தாங்காது. எந்தக் கோட்டில் எவ்வளவு ஓடும் என்று தெரிந்தால்தான் எங்கே வெள்ளியை மிச்சம் பிடிக்கலாம் என்பது தெரியும். வரைபடத்தைக் கையில் வாங்கிய நாளிலேயே அச்சுக்காரன் சண்டை போட வேண்டிய இடம் அது.

இப்போது நான் ஆலோசனை சொல்லும் இடத்தில் இருக்கிறேன். இந்தியாவிலிருந்து இளைஞர்கள் சிலர் அழைத்து, "சார், எந்த மை வாங்கலாம், எந்த மெஷின் வாங்கலாம்?" என்கிறார்கள். மை விலைக்குக் கிடைக்கும், மெஷினும் கிடைக்கும். நான் திருப்பிக் கேட்பது நான்கு கேள்விகள். லேபிள் இருக்கப்போகிற இடத்தில் எத்தனை லக்ஸ் வெளிச்சம்? அங்கே ஆடி மாதமும் ஐப்பசி மாதமும் ஈரப்பதம் எவ்வளவு? ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் நடுவே எவ்வளவு நேரம் பொறுக்க முடியும்? எத்தனை மாதம் உயிரோடிருந்தால் போதும்? கடைசிக் கேள்விக்கு "பத்து வருஷம்" என்று பதில் வந்தால், ஒரு பட்டன் செல் வாங்கி ஒட்டிக்கொள்ளச் சொல்லிவிடுவேன். "ஆறு மாதம், அப்புறம் பெட்டியோடு பழைய பேப்பருக்குப் போய்விடும்" என்றால், உட்கார்ந்து பேசலாம். காகிதத்துக்கு ஏற்ற வேலை அது.